கல்லிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள் நான். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தொடங்கிக் கணினித் திரையில் முடித்தேன். ஒரு பக்கத்தைக் கையில் வாங்கியதும் அதன் பொருளுக்குள் போகாமல், எது தன் இடத்தில் இல்லை என்று தேடும் பழக்கம் அந்த வேலையில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு பத்து ஆண்டுகளாகப் புதைபடிவங்களிலும் பழைய தேவாலயக் கட்டடங்களிலும் கடல் நீரோட்டங்களிலும் மூழ்கிக் கிடக்கிறேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றை ஏன் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். எனக்கு மூன்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் உருவான இடத்திலேயே இருக்கிறதா, வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டம் வேண்டாம். பதிலை நிறுவத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியில் நான் கற்றதை, இந்தத் துறைகளில் வெறும் வாசகராக நின்றுவிடாமல் தாமே ஆராய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு தளக்கல்லில் மூன்று துறைகள்

மூன்றும் ஒரே கல்லில் கிடைக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். பால்டிக் கடலைச் சுற்றியுள்ள பல பழைய தேவாலயங்களின் தளத்தில் சாம்பல் அல்லது செந்நிறச் சுண்ணாம்புக்கல் பாவியிருக்கிறார்கள். சுவீடனின் ஓலாந்து தீவு அந்தக் கல்லுக்குப் பேர்போனது. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்டோவிசியக் காலத்துக் கடலடிச் சேறு இறுகிக் கல்லானது அது. அதன் முகத்தில் நீண்ட கூம்புகள் தெரியும். ஒரு முனை கூராக இருக்கும். குறுக்கே அறை அறையாகத் தடுப்புகள் ஓடும். அறைகளுள்ள சுருள் ஓட்டுக் கடலுயிரான இன்றைய நாட்டிலசுக்கும், கணவாய்க்கும் தூரத்து உறவான உயிர்களின் ஓடுகள் அவை. ஆர்த்தோசெராட்டைட் என்பது பெயர்.

அப்படிப்பட்ட ஒரு தேவாலயத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

அனுமதி வாங்கிக்கொண்டு, வழிபாடு இல்லாத நேரத்தில் போங்கள். டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியைச் செலுத்துங்கள். மேலிருந்து அடிக்கும் ஒளியில் தெரியாத ஓடுகள் பக்கவாட்டு ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒரு விளிம்பை அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓட்டின் கூர்முனையும் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று கோணமானியால் அளந்து எழுதுங்கள். கூர்முனை எது என்று உறுதியாகத் தெரியாத ஓடுகளைத் தனியாகக் குறியுங்கள், ஊகித்துச் சேர்க்காதீர்கள். ஐம்பது ஓடுகளாவது சேர்ந்த பிறகு ஒரு வட்டம் வரைந்து, 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறில் எத்தனை விழுந்தன என்று நிரப்புங்கள்.

கூர்முனைகள் ஒரே பக்கமாகக் குவிந்தால், ஒரு திசையில் ஓடிய நீர் அந்த ஓடுகளைத் திருப்பி அடுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஓடும் நீரில் கூம்பு வடிவ ஓடு தன் கூர்முனையை நீர் வரும் பக்கம் வைத்துத்தான் பெரும்பாலும் நிலைகொள்ளும். எதிரெதிரான இரண்டு கூறுகளில் குவிந்தால், முன்னும் பின்னும் அசைந்த அலையைச் சந்தேகிக்க வேண்டும். எங்கும் சிதறியிருந்தால், நீர் அவற்றை ஒழுங்குபடுத்தவில்லை.

என் முதல் முயற்சியில் நான்கு தளக்கற்களின் அளவுகளையும் ஒரே வட்டத்தில் கொட்டினேன். சிதறல்தான் வந்தது. நீரோட்டத்துக்குச் சான்றில்லை என்று முடிவெழுதி, நண்பர்கள் இருவருக்கு அனுப்பியும் விட்டேன். மூன்று வாரம் கழித்து இரவில் அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது: கல் பாவியவர் தம் வசதிக்குத் திருப்பித் திருப்பிப் பதித்திருக்கிறார், நான்கு கற்களுக்கும் பொதுவான வடக்கு கிடையாது. மறுபடி கல் கல்லாகப் பிரித்து வரைந்தேன். நான்கில் மூன்று கற்களில் ஓடுகள் அழகாக ஒரு பக்கம் குவிந்திருந்தன. நீரோட்டம் அங்கே இருந்தது. அதைக் கலைத்தவர் கல் பாவியவர். அவர் கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் அந்தத் தளத்திலிருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தக் கடலடியில் ஒரு திசையில் நீர் ஓடியிருக்க வேண்டும். எந்தத் திசை என்று சொல்ல முடியாது. கல்லைக் குவாரியிலிருந்து பெயர்த்த கணத்தில் திசை தொலைந்துவிட்டது. கல்லைத் தலைகீழாகப் பதித்திருந்தால் கண்ணாடிப் பிம்பம்போலத் திசை மாறித் தெரியும்; ஆனாலும் குவியல் குவியலாகவே இருக்கும். எது தொலைந்தது, எது தொலையாமல் வந்து சேர்ந்தது என்று இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்.

மேல்பக்கம் எது என்பதற்கு மட்டும் கல்லே சாட்சி சொல்வதுண்டு. சில ஓடுகளின் உள்ளே பாதிவரை சேறு புகுந்து படிந்திருக்கும். மீதி வெற்றிடத்தில் பின்னாளில் வெள்ளைக் கால்சைட் படிகம் வளர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்போல, அந்தக் காலத்துக் கிடைமட்டத்தைக் காட்டும். சேறு இருக்கும் பக்கம் கீழ்; படிகம் இருக்கும் பக்கம் மேல். கல்லின் வெட்டுமுகத்தில் இதைப் பார்க்கலாம். முதன்முதலில் இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறிப்பேடு

எந்தத் துறையானாலும் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இடுங்கள்: கண்டது, கேட்டது, நினைத்தது. அளவு, நிறம், இடம் எல்லாம் முதல் பத்தியில். பராமரிப்பாளர் சொன்னது, பலகையில் எழுதியிருந்தது, கட்டுரையில் படித்தது எல்லாம் இரண்டாவதில். உங்கள் ஊகம் மூன்றாவதில். ஒரு வாக்கியம் எந்தப் பத்திக்கு உரியது என்று தெரியாமல் பேனா தயங்கினால், அங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘12-ஆம் நூற்றாண்டுச் சுவர்’ என்பதை முதல் பத்தியில் எழுதவே முடியாது. சுவர் நூற்றாண்டைக் காட்டுவதில்லை. கல்லையும் சாந்தையும்தான் காட்டுகிறது.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். ‘கோத்திக் கட்டடக்கலையின் வளர்ச்சி’ கேள்வி அல்ல, நூலகத்தின் ஒரு தட்டு. ‘இந்தச் சன்னல் இந்தச் சுவரோடு சேர்ந்து கட்டப்பட்டதா, பின்னால் துளைத்து வைத்ததா’ என்பது கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள் இருக்க வேண்டும். இரண்டில் எது வந்தாலும் உங்களுக்குப் பயன்பட வேண்டும்.

புதைபடிவம்: இடமில்லாவிட்டால் ஒன்றுமில்லை

1666-இல் இத்தாலியக் கடற்கரையில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை, அறுத்து ஆராய்வதற்காக டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூற்று அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோவிடம் வந்தது. ‘நாக்குக் கற்கள்’ என்று மக்கள் பாறைகளிலிருந்து பொறுக்கிவந்த முக்கோணக் கற்கள் அந்தச் சுறாவின் பற்களைப் போலவே இருப்பதை அவர் கவனித்தார். கடல் விலங்கின் பல் மலைப்பாறைக்குள் எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கி, 1669-இல் அடுக்குகளின் விதிகளை வெளியிட்டார். கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பதைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய இன்னொரு விதி: ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் அடங்கியிருந்தால், எது மற்றதன் மேல் தன் உருவத்தைப் பதித்திருக்கிறதோ அதுவே முதலில் இறுகியது. பல்லின் உருவம் பாறையில் பதிந்திருக்கிறது. ஆகவே பல் மூத்தது. இதே விதியைத் தேவாலயச் சுவருக்கு முன்னால் நின்றும் பயன்படுத்தலாம். ஸ்டெனோ பின்னாளில் குருவாகி, ஆயராகி, பிளாரன்சின் சான் லொரென்சோ பசிலிக்காவில் அடக்கம் செய்யப்பட்டார்.

புதைபடிவத்தைக் கண்டால் கை வைக்காதீர்கள். முதலில் அந்த நிலத்தின் சட்டம் என்ன, உரிமையாளர் யார் என்று கேளுங்கள். பல நாடுகளில் எடுப்பதும் எல்லை கடத்துவதும் குற்றம். எடுக்க அனுமதி இருந்தாலும், அதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துப் படம். சற்றுத் தள்ளி நின்று அடுக்கு முழுதும் தெரியும்படி இன்னொரு படம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கு ஓர் அம்புக்குறி. அடுக்கின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் நிறம், மணியின் பருமன், தரையிலிருந்து உயரம் எழுதுங்கள். இவை இல்லாத அம்மோனைட் (சுருண்ட ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவம்) அலமாரிக்கு அழகு, ஆராய்ச்சிக்கு உதவாது.

பிறகு நம் கேள்வி. அந்த உயிர் வாழ்ந்த இடம் இதுதானா? இருசிப்பி உயிரின் இரண்டு ஓடுகளும் சேர்ந்தே இருந்தால் அது அதிகம் உருண்டிருக்காது. விளிம்புகள் மழுங்கி, ஒரே அளவுத் துண்டுகளாகச் சலித்ததுபோல் கிடந்தால் நீர் தூக்கி வந்திருக்கிறது. ஓட்டின் உள்ளே உள்ள கல், வெளியே சூழ்ந்த கல்லிலிருந்து வேறுபட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அது பழைய அடுக்கிலிருந்து அரித்தெடுக்கப்பட்டுப் புதிய அடுக்கில் மறுபடி புதைந்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒன்றை வைத்து அடுக்கின் வயதைச் சொன்னால் கோடிக்கணக்கான ஆண்டுகள் தவறிப்போகும்.

நாட்டிலசின் ஓட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். உயிர் போன பிறகும் அதன் அறைகளில் வாயு இருப்பதால் ஓடு மிதக்கும். நீரோட்டம் அதைச் சுமந்துபோய், அந்த உயிர் ஒருநாளும் வாழாத கரைகளில் ஒதுக்கும். அம்மோனைட்டுக்கும் அறைகள் உண்டு. ஆகவே அம்மோனைட் கிடைத்த இடம் அது வாழ்ந்த இடம் என்று எழுதும்முன் ஒருமுறை நிற்க வேண்டும்.

மனிதர் இடம் மாற்றியதும் உண்டு. 1912-இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட மண்டையோடும் தாடையும் மனிதனின் மூதாதை என்று 40 ஆண்டுகள் நம்பப்பட்டன. நிலத்தடி நீரிலிருந்து எலும்பு காலப்போக்கில் புளோரினை உறிஞ்சும். ஒரே குழியில் ஒன்றாகக் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஒத்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் எழுந்த சந்தேகம் வளர்ந்து 1953-இல் மோசடி வெளியானது. மனித மண்டையோட்டோடு குரங்கின் தாடையை யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள்.

சுவரைப் படிப்பது

தேவாலயத்துக்குப் போகும்முன் அதன் வரலாற்றைப் படித்துவிட்டுப் போகாதீர்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், பலர் மறுத்தாலும். மெய்ப்புத் திருத்தும்போது கதை தெரிந்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. அவர் மனம் சரியான சொல்லைத் தானே நிரப்பிக்கொள்ளும். சுவரிலும் அப்படித்தான். முதலில் நீங்கள் கண்டதை எழுதி, தேதியிட்டு, மூடிவையுங்கள். அதன் பிறகு ஆவணத்தைத் திறங்கள்.

இரண்டையும் ஒப்பிடுவது எப்படி என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டுக் கட்டட ஆய்வாளர் ராபர்ட் வில்லிஸ் எனக்கு ஆசான். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயம் 1174-இல் தீப்பிடித்தது. அதை மறுபடி கட்டியதை ஆண்டு ஆண்டாக ஜெர்வாஸ் என்ற துறவி எழுதிவைத்தார். வில்லிஸ் அந்தக் குறிப்பையும் கட்டடத்தையும் தூணுக்குத் தூண் ஒப்பிட்டு, எது எந்தப் பருவத்து வேலை என்று பிரித்து 1845-இல் வெளியிட்டார். ஏடும் கல்லும் ஒன்றையொன்று சரிபார்க்கும் அந்த முறையைச் சின்னஞ்சிறு தேவாலயத்திலும் செய்யலாம்.

சுவரில் தேட வேண்டியவற்றுள் முதலாவது நேர்மூட்டு. நல்ல கொத்தனார் மேல்வரிசைக் கல்லைக் கீழ்வரிசை மூட்டின் மேல் ஏறும்படி வைப்பார். மூட்டுகள் எல்லாம் ஒரே செங்குத்துக் கோடாக மேலேறினால், அங்கே ஒரு சுவர் முடிந்து இன்னொரு சுவர் பிற்பாடு ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்தது சாந்து. நிறம், மணல் மணியின் பருமன், கரித்துகள், சிப்பித்துண்டு ஆகியவற்றை லென்சில் பார்த்து எழுதுங்கள், சுரண்டி எடுக்காதீர்கள். உளித்தடமும் பேசும்: ஒரே சுவரில் சாய்வுத் தடமுள்ள கற்களுக்கு நடுவே வேறு தடமுள்ள கற்கள் கூட்டமாக வந்தால் அது பழுதுபார்த்த இடமாக இருக்கலாம். அடைத்த கதவு, வளைவின் மேல் வரும் அர்த்தமில்லாத இன்னொரு வளைவு, வெளிச்சுவரில் பழைய கூரை சாய்ந்திருந்த கோடு, இவற்றையும் படம் வரைந்து குறியுங்கள். புகைப்படத்தைவிடக் கையால் வரைவது உங்களை அதிகம் பார்க்கவைக்கும்.

கல்லில் வெட்டிய ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள். அந்த ஆண்டு அந்தக் கல்லுக்கு உரியது. கல் வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம். வெனிசின் புனித மாற்கு பசிலிக்காவின் மூலையில் செவ்வூதாப் போர்பிரிக் கல்லில் நான்கு உரோமை ஆட்சியாளர்கள் கட்டித் தழுவி நிற்கிறார்கள். ஒருவரின் பாதம் மட்டும் வேறு கல்லில் ஒட்டுப் போட்டது. தொலைந்த அந்தப் பாதத்தின் துண்டு 1960-களில் இஸ்தான்புல்லில் அகழ்ந்தபோது கிடைத்தது. சிற்பம் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து பெயர்த்து வரப்பட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

காலமும் இடம் பெயரும். பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தின் மேலே கன்னத்தில் கைவைத்து நகரத்தைப் பார்க்கும் கற்பூதங்களை இடைக்காலத்தவை என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். அவை 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் தலைமையில் நடந்த சீரமைப்பில் வைக்கப்பட்டவை. ஆகவே எந்தத் தேவாலயத்திலும் ‘கடைசியாக யார், எப்போது சீரமைத்தார்’ என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்தப் பூச்சை மனத்தால் உரித்த பிறகுதான் பழைய கட்டடம் தெரியும்.

சுவரின் கல்லையே படிக்கவும் மறக்காதீர்கள். சால்ஸ்பரி பேராலயத்தின் கரும்பச்சைத் தூண்களைப் பர்பெக் சலவைக்கல் என்பார்கள். உண்மையில் அது சலவைக்கல் அல்ல. நத்தை ஓடுகள் நெருங்கி நிறைந்த, மெருகேறும் சுண்ணாம்புக்கல். அந்த நத்தையும் நன்னீர் நத்தை. ஓடு கண்டதும் கடல் என்று எழுதும் அவசரத்துக்கு அந்தத் தூண்கள் நல்ல மருந்து. லண்டனின் புனித பவுல் பேராலயமோ ஜுராசிக் காலக் கடலில் படிந்த போர்ட்லாந்து கல்லால் ஆனது. அந்தக் கல்லின் சில அடுக்குகளில் நத்தை கரைந்துபோய் அதன் திருகாணி வடிவம் மட்டும் குழியாக எஞ்சியிருக்கும்; குவாரிக்காரர்கள் அதைப் போர்ட்லாந்துத் திருகாணி என்றே அழைக்கிறார்கள்.

1666-இன் லண்டன் பெருந்தீக்குப் பிறகு அந்த நகரத்தின் தேவாலயங்களை எழுப்பும் பணியில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னோடு ராபர்ட் ஹூக்கும் இருந்தார். ஹூக் கல்லாகிய மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர். புதைபடிவங்கள் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை என்று வாதிட்டவர். கயிறில்லாமல் கடலின் ஆழம் அளக்க ஒரு கருவியும் வகுத்தவர். துறைகளுக்கு இடையே வேலி எழுப்பப்படும் முன்னர் வாழ்ந்த அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊக்கம் பிறக்கிறது.

கடல்

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு அது வரும் திசையால் பெயர். நீரோட்டத்துக்கு அது போகும் திசையால் கணக்கு. மேற்குக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ‘மேற்கு நோக்கிய நீரோட்டம்’ மேற்கே போகிறது. பழைய குறிப்பேடுகளிலும் இன்றைய தரவுக் கோப்புகளிலும் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கும். இதைக் கலந்துவிட்டால் முடிவு 180 டிகிரி திரும்பிவிடும்.

பழைய கப்பல் குறிப்பேடுகள் கிடைத்தால் அவற்றிலிருந்து நீரோட்டத்தை நீங்களே கணக்கிடலாம். வேகத்தையும் திசையையும் வைத்து, கப்பல் நண்பகலில் எங்கே இருக்க வேண்டும் என்று மாலுமி கணித்திருப்பார். சூரியனைப் பார்த்து உண்மையில் எங்கே இருக்கிறது என்றும் எழுதியிருப்பார். 24 மணி நேரத்தில் இரண்டுக்கும் 18 கடல் மைல் வேறுபாடு என்றால், மணிக்கு முக்கால் கடல் மைல் வேகத்தில் ஏதோ ஒன்று கப்பலைத் தள்ளியிருக்கிறது. அந்த ‘ஏதோ’வில் நீரோட்டம் உண்டு, கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிய காற்று உண்டு, சுக்கான் பிடித்தவரின் தவறும் உண்டு. ஒரு நாள் கணக்கு எதையும் சொல்லாது. ஒரே கடற்பகுதியில், ஒரே மாதத்தில், பல கப்பல்களின் கணக்கு சேர்ந்தால் தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நீரோட்டம் மிஞ்சும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துல்லியமான கடற்கடிகாரங்கள் வரும்வரை தீர்க்கரேகைக் கணிப்பு மிகவும் தடுமாறியது. அதற்கு முந்தைய குறிப்பேடுகளில் வடக்கு-தெற்கு விலகலை ஓரளவு நம்பலாம். கிழக்கு-மேற்கு விலகலை நம்ப வேண்டாம்.

அந்தக் கடலில் பிழைப்பவர்களிடமும் கேளுங்கள். அமெரிக்காவுக்குத் தபால் கொண்டுவரும் கப்பல்கள் ஏன் வணிகக் கப்பல்களைவிடத் தாமதமாக வருகின்றன என்று, அப்போது தபால் துறைப் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கு ஒரு கேள்வி வந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்களை அறிந்த மாலுமியான உறவினர் திமத்தி போல்ஜரிடம் கேட்டார். திமிங்கிலங்கள் அட்லாண்டிக் கடலின் வளைகுடா நீரோட்டத்தின் ஓரங்களில் திரிவதால் அந்த வேட்டைக்காரர்களுக்கு அதன் கரைகள் மனப்பாடம். தபால் கப்பல்களோ அதன் நடுவே எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தன. போல்ஜர் கோடிட்டுக் காட்ட, 1769-70 அளவில் அந்த நீரோட்டத்தின் வரைபடம் அச்சானது.

இன்றைய தரவுகளில் ஆர்கோ மிதவைகளிலிருந்து தொடங்குவது நல்லது. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோடு நகர்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகின்றன. தரவு எல்லாருக்கும் இலவசம். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு தர எண் இருக்கும்: 1 என்றால் நல்லது, 4 என்றால் தவறானது. அந்த எண்ணைப் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள். மிதவை மேலே தங்கியிருந்த நேரத்தில் மேல்நீரும் அதைத் தள்ளியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் முழுவதும் ஆழ்நீரின் வேலை அல்ல.

மேற்பரப்பு மிதவைகளுக்கு வேறொரு சிக்கல். அவற்றின் அடியில் 15 மீட்டர் ஆழத்தில் ஒரு துணிக்குழாய் தொங்கும். அதுதான் மிதவையை நீரோடு பிணைத்து வைக்கிறது. அது அறுந்துபோனால் மிதவையைக் காற்று இழுக்கும். அறுந்ததைக் கண்டுபிடிக்காமல் விட்ட தரவுகளால், நீரோட்டங்கள் வலுக்கின்றன என்பதுபோன்ற பொய்த் தோற்றம் ஒருகாலத்தில் ஏற்பட்டது. பிறகு மறுபடி சரிபார்த்துத் திருத்தினார்கள். என் தளக்கல்லைத் திருப்பிப் பதித்தவரைப் போல இங்கே காற்று. அளக்கும் பொருளை நகர்த்தியது யார் என்று கேட்காமல் அளவை நம்பக் கூடாது.

மூன்றும் மறுபடி சேரும் இடம்

ஐஸ்லாந்தில் கட்டட மரம் அரிது. கடல் ஒதுக்கும் மரங்களை மக்கள் நம்பியிருந்தார்கள். எந்தக் கரையில் ஒதுங்கும் மரம் எந்தத் தேவாலயத்துக்கு உரியது என்று இடைக்காலச் சொத்துப் பட்டியல்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மரங்களின் வளையங்களைச் சைபீரிய ஆற்றுப்படுகைகளின் வளையத் தொடர்களோடு பொருத்திப் பார்த்தால் பல மரங்கள் அங்கிருந்து வந்தவை என்று தெரிகிறது. மரம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அளவில் நீரூறி மூழ்கிவிடும். அவ்வளவு தூரம் வர வேண்டுமானால் பனிக்கட்டியில் உறைந்து, ஆர்க்டிக் கடலைக் குறுக்காகக் கடந்திருக்க வேண்டும். நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென் இதே பாதையைத்தான் நம்பினார். சைபீரியாவுக்கு வடக்கே 1881-இல் நொறுங்கிய ஜீனெட் கப்பலின் பொருள்கள் 1884-இல் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன. சைபீரிய மரங்களும் அங்கே ஒதுங்கிக்கொண்டிருந்தன. அவர் பிராம் கப்பலை 1893-இல் வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார்; 1896-இல் கப்பல் மறுபக்கம் வெளிவந்தது.

இப்போது அப்படிப்பட்ட ஓர் உத்தரத்துக்கு முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி வளையம் மரம் இறந்த ஆண்டைத் தரும். கட்டட ஆண்டைத் தராது. ஆற்றில் சில காலம், பனியில் சில ஆண்டுகள், கரையில் எத்தனை ஆண்டுகளோ. எனவே ‘இதற்கு முன் கட்டியிருக்க முடியாது’ என்று மட்டும் எழுதலாம். வெளிவளையங்கள் செதுக்கப்பட்டிருந்தால், ‘இறந்த ஆண்டும் இதற்குப் பிந்தியது’ என்று இன்னும் ஒருபடி பின்வாங்க வேண்டும்.

படிப்பது, எழுதுவது

ஆய்வுக் கட்டுரையில் படங்களையும் முறைகளைச் சொல்லும் பகுதியையும் முதலில் படியுங்கள், முடிவுரையைக் கடைசியில். ஒரு செய்தியைப் பத்துப் பேர் சொல்கிறார்கள் என்று மயங்காதீர்கள். அச்சகத்தில் நாங்கள் கண்டது: ஒரே எழுத்துப்பிழை பத்துப் பதிப்புகளில் வந்தால் பத்தும் ஒரே தாய்ப்படியிலிருந்து வந்தவை. அதேபோல ஒரே தவறான ஆண்டு, ஒரே விசித்திரமான எண் பல கட்டுரைகளில் வந்தால் அவை பத்துச் சாட்சிகள் அல்ல, ஒருவரின் எதிரொலி. மேற்கோள்களைப் பின்னோக்கித் தொடர்ந்து, யார் அதை முதலில் தம் கண்ணால் கண்டார் என்ற இடம்வரை போங்கள். பெரும்பாலும் நாலாவது படியில் அந்த ஆள் தென்படுவார். சில நேரம் யாருமே இல்லாத வெற்றிடம் தென்படும்; அதுவே நல்ல ஆய்வுத் தலைப்பு.

நிபுணருக்குக் கடிதம் எழுதுவதானால் ஒரு கேள்வி, அளவுகோலோடு ஒரு படம், இடம் பற்றி இரண்டு வரி. ‘இது என்ன?’ என்று கேட்காமல், ‘நான் இதை இன்னதென்று நினைக்கிறேன், இன்ன காரணத்தால், எங்கே தவறுகிறேன்?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட கடிதங்களில் பாதிக்கு மேல் எனக்குப் பதில் வந்திருக்கிறது, சில நேரம் மூன்று பக்கத்துக்கு.

எழுதும்போது வட்டப்படத்தோடு நிற்காமல், அளந்த கோணங்களின் பட்டியல் முழுவதையும் சேருங்கள். எது கிடைத்தால் உங்கள் முடிவு கவிழும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அந்தத் தளக்கற்களின் அளவுத்தாள்களை, நான்கையும் ஒன்றாகக் கொட்டிய தவறான முதல் தாளையும் சேர்த்தே, அந்தத் தேவாலயத்தின் ஆவணப்பெட்டியில் ஒரு பிரதி வைத்துவிட்டு வந்தேன். தளத்தை என்றாவது பெயர்த்துப் பழுதுபார்த்தால், எந்தக் கல் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்தாவது கல் ஒன்று பலிபீடத்தின் முன் கம்பளத்துக்கு அடியில் இருக்கிறது. விளிம்பில் மூன்று ஓடுகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன. கம்பளத்தை மாற்றும்போது எனக்கு எழுதுவதாகப் பராமரிப்பாளர் சொல்லியிருக்கிறார்.